ஒருநாள் நடந்தோர் காத்த நெடும்பாதை

காடு தன் வழியைத் தானே மறைத்துக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடரில், செப்டம்பர் இறுதியில் தொடங்கி நவம்பர் வரை நிலவும் இலையுதிர் காலமே அது. பகற்பொழுது குறுகி இரவுகள் குளிரத் தொடங்கியதும் இலைகளிலுள்ள பச்சையம் சிதைகிறது. கோடை முழுவதும் அந்தப் பசுமையின் அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் அப்போதுதான் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களிலோ சிவப்பு நிறம் புதிதாகவே சுரக்கிறது. சில வாரங்கள் மலை முழுவதும் தீப்பற்றி எரிவது போலத் தோன்றும். பின்னர் இலைகள் உதிரும். கணுக்கால் உயரத்திற்குச் சருகு தரையை மூடும். நேற்றுவரை தெளிவாகத் தெரிந்த ஒற்றையடிப் பாதை எங்கே என்று இன்று தேட வேண்டியிருக்கும்.

வியப்பு என்னவெனில், அந்தப் பருவத்தில்தான் மக்கள் குழுக்குழுவாக அப்பாதையைத் தேடி வருகின்றனர். சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடுகின்றனர். எட்டு அல்லது பத்து மைல் நடக்கின்றனர். மாலையில் வீடு திரும்புகின்றனர். ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைவரை 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் அப்பலாச்சியன் நெடும்பாதையின் நீளம் ஏறத்தாழ 2,190 மைல். நம் கணக்கில் சற்றேறக்குறைய 3,500 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட பாதையில் எட்டு மைல் நடந்தவரின் பெயரை எந்த ஏடு குறித்து வைக்கும்? முழுப் பாதையையும் நடந்து முடித்தவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. எனினும் இப்பாதையின் நூறாண்டு வரலாற்றைப் பொறுமையுடன் படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். இதை வெட்டியவர்களுள்ளும், பேணியவர்களுள்ளும், அழிவிலிருந்து மீட்டவர்களுள்ளும் மிகப் பலர், ஒருநாள் வந்து ஒருநாள் நடந்து போனவர்களே. அந்த வரலாற்றையும், அதனுள் புதைந்து கிடக்கும் ஒரு கடனையும் இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

துயரத்தில் பிறந்த திட்டம்

இப்பாதையைக் கனவு கண்டவர் பெண்டன் மக்காய். 1879-இல் பிறந்த இவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காட்டியல் பயின்று அரசின் வனத்துறையில் பணியாற்றியவர். காட்டை மரக்கணக்காக மட்டும் பாராமல், மனிதர் வாழ்வோடு இணைத்துப் பார்த்தவர். இவருடைய மனைவி ஜெஸ்ஸி, பெண்களின் வாக்குரிமைக்காகவும் உலக அமைதிக்காகவும் ஓயாது உழைத்தவர். 1921 ஏப்ரலில், மனநோயின் கொடிய அழுத்தத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். செயலற்றுப்போன மக்காயை நண்பர்கள் தனிமையில் விடவில்லை. நியூஜெர்சி மலைப்புறத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே அந்தக் கோடையில் அவர் எழுதத் தொடங்கியதே அப்பலாச்சியன் நெடும்பாதைக்கான திட்டம். 1921 அக்டோபரில், கட்டடக் கலைஞர்களின் இதழொன்றில் அது வெளியானது. ஓர் இலையுதிர் காலத்தில்தான் இப்பாதை முதன்முதலாக, காகிதத்தின்மேல் பிறந்தது.

அத்திட்டம் வெறும் நடைபாதைக்கானது அன்று. கிழக்குக் கரையோர ஆலை நகரங்களில் புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே உழைத்துக் களைத்த மக்கள், ஆண்டில் சில நாட்களேனும் மலையில் இளைப்பாற வேண்டும். அங்கே கூடித் தங்கவும், கூடி உழைத்துப் பயிரிடவும் முகாம்கள் அமைய வேண்டும். இலாபத்திற்காக அன்றி விரும்பித் தரும் உழைப்பால் அவை எழ வேண்டும் என்று மக்காய் எழுதினார். கூட்டுப் பண்ணைகளும் முகாம் ஊர்களும் பின்னாளில் உருப்பெறவில்லை. பாதை மட்டுமே உருப்பெற்றது. ஆயினும் விரும்பித் தரும் உழைப்பு என்னும் அந்தக் கருத்து மட்டும் பாதையோடு ஒட்டிக்கொண்டது. இன்றளவும் அது பிரியவில்லை.

வார இறுதியின் கரங்கள்

கனவு கண்டவர் ஒருவர். மண்வெட்டி எடுத்தவர்கள் வேறு பலர். பாஸ்டன் நகரில் 1876-லேயே மலைநடைச் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 1910-இல் தொடங்கிய மற்றொரு சங்கம், அம்மாநிலத்தின் மலைமுகட்டில் நெடும்பாதை ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தது. நியூயார்க் பகுதியின் நடைச் சங்கங்களோ 1920-இல் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டிருந்தன. அங்கே ரேமண்ட் டோரி என்னும் செய்தித்தாள் எழுத்தாளர், நடைப்பயணங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். மக்காயின் திட்டத்தைப் படித்த அவர் அதைத் தம் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். வாரம் முழுவதும் நகரில் பணிபுரிந்தவர்கள் வார இறுதியில் கோடரியும் வெட்டரிவாளும் ஏந்தி மலையேறினர். ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பேர் மவுண்டன் என்னும் மலையிலிருந்து மேற்கே ஆர்டன்வரை அவர்கள் அமைத்த பாதை, 1923 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது. நெடும்பாதை என்னும் பெயருக்கெனவே அமைக்கப்பட்ட முதற்பகுதி அதுவே.

1925 மார்ச்சில் வாஷிங்டனில் கூடிய மாநாடு, பாதைக்கென ஓர் அமைப்பை நிறுவியது. ஆனால் அதன்பின் சில ஆண்டுகள் பேச்சு மிகுந்தது, பாதை நீளவில்லை. அந்த முடக்கத்தை உடைத்தவர் மைரன் ஏவரி. மேய்ன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரொன்றில் பிறந்து, வாஷிங்டனில் அரசுப் பணியிலிருந்த வழக்கறிஞர் இவர். 1927 நவம்பரில் இவரும் நண்பர்கள் ஐவரும் சேர்ந்து பொட்டோமேக் அப்பலாச்சியன் பாதைச் சங்கத்தைத் தொடங்கினர். அறுவர் தொடங்கிய சங்கம்! அது இன்று ஏறத்தாழ 240 மைல் நெடும்பாதையைப் பேணி வருகிறது. 1931 முதல் 1952 வரை பாதை அமைப்பின் தலைவராக இருந்த ஏவரி, மிதிவண்டிச் சக்கரம் ஒன்றில் அளவுக்கருவி பொருத்தி, அதை முன்னே தள்ளிக்கொண்டே மலைகளில் நடந்தார். ஒவ்வொரு வளைவையும் அளந்தார். ஊற்று எங்கே, தங்குமிடம் எங்கே என்று குறித்தார். விடுமுறை நாட்களில் பகுதி பகுதியாக நடந்து, 1936-இல் முழுப் பாதையையும் கடந்த முதல் மனிதரானார். 1937 ஆகஸ்ட் 14 அன்று மேய்ன் மாநிலத்தின் மலைமுகடொன்றில் எஞ்சியிருந்த கடைசி இடைவெளியும் இணைக்கப்பட்டது.

கனவும் சக்கரமும்

இணைந்த பாதை, அதை ஆக்கிய இருவரையும் பிரித்துவிட்டது என்பது இவ்வரலாற்றின் வேதனை. வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலைமுகட்டில், ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் ஊடே, 1931 முதல் அரசு ஒரு வாகனச் சாலையை அமைக்கத் தொடங்கியது. சங்கத்தார் வெட்டியிருந்த பாதையின் பல பகுதிகள் அச்சாலைக்கு இரையாயின. மக்காய் கொதித்தெழுந்தார். இயந்திரத்தின் இரைச்சலிலிருந்து மனிதனை விடுவிக்கவே பாதை எழுந்தது. அதே முகட்டிற்கு இயந்திரத்தைக் கொண்டுவந்தால் பாதையின் பொருளே அழிந்துவிடும் என்பது அவர் வாதம். ஏவரியோ வேறு விதமாக எண்ணினார். அரசோடு மோதினால் பாதை முற்றுப்பெறாது. ஒத்துழைத்தால் இழந்த பகுதிக்கு ஈடாக நல்ல பாதையை அரசே அமைத்துத் தரும். முதலில் பாதை இருக்கட்டும் என்றார். கடுமையான கடிதங்கள் பரிமாறப்பட்டன. அதன்பின் இருவருக்குமிடையே நட்பு இல்லை.

யார் சொன்னது சரி? ஏவரியின் பிடிவாதமான உழைப்பு இல்லாதிருப்பின் பாதை ஒரு கட்டுரையாகவே நின்றிருக்கும். மக்காயின் எச்சரிக்கை இல்லாதிருப்பின் அது எங்கே, எதற்காகச் செல்கிறது என்பதே மறந்திருக்கும். தேர் ஓட அச்சும் வேண்டும், வடமும் வேண்டும். 1952 ஜூலையில், தம் 52-ஆம் வயதில் ஏவரி மறைந்தார். மக்காய் 1975 வரை, 96 வயது வாழ்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளாத அதே ஆண்டுகளில், அவர்களின் சண்டையைப் பற்றி ஏதும் அறியாத நூற்றுக்கணக்கானோர், ஞாயிறுதோறும் அதே மலையில் ஒரே வரிசையில் நடந்துகொண்டிருந்தனர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

காட்டினுள் நிற்கும் புகைபோக்கிகள்

ஷெனன்டோவாவில் இலையுதிர் காலத்தில் நடப்போர் ஒரு காட்சியைக் காண்பர். கோடையில் தழைகள் மறைத்திருந்தவை அப்போது வெளிப்படும்: கல்லடுக்கிக் கட்டிய வேலிச்சுவர், கூரையற்று நிற்கும் அடுப்புப் புகைபோக்கி, காட்டு மரங்களுக்கிடையே முதிர்ந்து நிற்கும் ஓர் ஆப்பிள் மரம், எழுத்தில்லாத கல்லறைக் கற்கள். இங்கே ஊர்கள் இருந்தன. பூங்கா அமைப்பதற்காக வர்ஜீனியா மாநிலம் 1928-இல் சட்டமியற்றி நிலங்களைக் கையகப்படுத்தியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. நிலத்திற்கு உரிமைப் பத்திரம் வைத்திருந்தோர் விலை பெற்றனர். பத்திரமின்றித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர்க்கு அதுவும் இல்லை. சாகும்வரை தங்கியிருக்க ஒப்புதல் பெற்ற சில முதியோரே எஞ்சினர். அவர்களுள் கடைசியானவர் 1979-இல் இறந்தார். பூங்காவினுள் நூற்றுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் உள்ளன.

அம்மக்கள் அதற்கு முன்பே ஓர் அடி வாங்கியிருந்தனர். அம்மலைகளில் செஸ்ட்நட் என்னும் மாமரங்கள் அடர்ந்திருந்தன. இலையுதிர் காலத்தில் அவற்றின் கொட்டைகள் சொரியும். சிறுவரும் முதியவரும் பொறுக்கிச் சேர்த்து விற்பர். குளிர்காலத்திற்குக் காலணியும் உப்பும் வாங்கக் கையில் காசு வரும் காலம் அது ஒன்றே. 1904-இல் நியூயார்க் உயிரியல் பூங்காவொன்றில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சைநோய், அரை நூற்றாண்டிற்குள் சுமார் 400 கோடி செஸ்ட்நட் மரங்களைக் கொன்றது. வேர்கள் மட்டும் இன்னும் உயிரோடு உள்ளன. அவற்றிலிருந்து தளிர் விடும். சில ஆண்டுகள் வளரும். நோய் கண்டு மீண்டும் மடியும்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. எல்லா உழைப்பாளருக்கும் என்று கனவு கண்ட பாதை செல்லும் அதே பூங்காவில், 1939-இல் கறுப்பின மக்களுக்கென லூயிஸ் மலையில் தனியாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் உணவருந்தவும் தங்கவும் அந்த இடமே குறிக்கப்பட்டது. 1950 வாக்கில்தான் அந்தப் பாகுபாடு முற்றும் நீங்கியது. நாம் இன்று மனம் குளிர நடக்கும் பாதையின்கீழ் பிறர் இழந்த முற்றங்கள் உண்டு. சிலர்க்குத் திறவாத வாயில்களும் இருந்தன. இதை அறிந்தும் நடக்கலாம். ஆனால் அறியாதவர் போல் நடத்தல் ஆகாது. நல்ல குழுத் தலைவர் அந்தப் புகைபோக்கியருகே சற்று நிற்கிறார். அங்கே வாழ்ந்தோரைப் பற்றிச் சொல்கிறார். அந்தச் சில நிமிடங்கள் கடனைத் தீர்த்துவிடா; கடன் உண்டு என்பதையேனும் ஒப்புக்கொள்கின்றன.

வரிசையின் கடைசியில் ஒருவர்

ஒருநாள் குழுநடை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். அதில் கற்க வேண்டியது உண்டு. பாதை நேர்க்கோடாகச் செல்வதால், நடை முடியுமிடம் வேறு, தொடங்குமிடம் வேறு. எனவே காலையில் முடியுமிடத்தில் சில வாகனங்களை நிறுத்திவிட்டு, மற்ற வாகனங்களில் எல்லாரும் தொடங்குமிடம் செல்கின்றனர். அங்கே தலைகளை எண்ணுகின்றனர். முன்னே வழி தெரிந்த ஒருவர் நடக்கிறார். கடைசியில் மற்றொருவர் நடக்கிறார். அவருக்குப் பெருக்கிக்கொண்டு வருபவர் என்னும் பொருளுடைய பெயரை இட்டிருக்கின்றனர். எவரும் அவருக்குப் பின்னால் தங்கிவிடலாகாது என்பதே விதி. கிளைவழி பிரியும் இடங்களில், பின்னே வருவோர் வந்துசேரும்வரை முன்னவர் காத்திருப்பார். ஆக, அக்குழுவின் வேகத்தை விதிப்பவர் வலியவர் அல்லர், மெலிந்தவரே.

இலையுதிர் காலம் தன் விதிகளையும் சேர்க்கிறது. பொழுது விரைந்து சாயும். ஆதலால் கைவிளக்கு வேண்டும். வேட்டைக்கு அனுமதியுள்ள பகுதிகளில் ஆரஞ்சு நிற மேலாடை வேண்டும். சருகின் அடியில் ஈரக்கல்லும் வேரும் மறைந்திருக்கும். கால் பார்த்து வைக்க வேண்டும். பாதை கண்ணுக்குத் தெரியாதபோது நம்பத்தக்கது ஒன்றே: மரங்களில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமுமாகத் தீட்டிய வெள்ளைக் குறி. அதுவும் தானே அங்கு வந்ததன்று. எவரோ ஒருவர் ஒருநாள் வண்ணக்குவளையும் தூரிகையும் சுமந்து வந்து தீட்டியது.

அதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத பணி ஒன்று உண்டு. சரிவான இடங்களில் பாதைக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக, மரத்துண்டையோ கல்வரிசையையோ பதித்திருப்பர். மழைநீர் பாதைவழியே ஓடி மண்ணை அரிக்காமல் பக்கவாட்டில் திரும்பி வடிந்துவிட அது உதவும். இலையுதிர் காலத்தில் அந்த வடிகாலில் சருகு நிறைந்து சேறாகும். அடைபட்ட நீர் தடையைத் தாண்டிப் பாதைக்குள்ளேயே ஓடும். ஓரிரு குளிர்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். ஆகவே சங்கத்தார் பலர் சருகுவாரியும் மண்வெட்டியுமாக வருகின்றனர். வடிகாலைத் தோண்டித் தூர்வாருகின்றனர். ஒருவர்க்கு ஒரு மைலோ இரண்டு மைலோ பொறுப்பு. அடுத்த கோடையில் அவ்வழியே நெடுந்தொலைவு நடப்பவர், தம் காலடியில் அந்த வேலை இருப்பதையே அறியமாட்டார். நன்றாகச் செய்த பணியின் இலக்கணம் அது.

இதற்கு மறுதலையாகவும் சான்று உண்டு. ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட் 11 பிள்ளைகளின் தாய்; கணவனின் கொடுமையை நெடுங்காலம் தாங்கிப் பின் விலகி வந்தவர். 1954-இல் மேய்ன் முனையிலிருந்து தனியே நடக்கத் தொடங்கி, பாதை தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, காட்டுக்காவலர்களால் திருப்பி அனுப்பப்பட்டார். மறு ஆண்டு தெற்கிலிருந்து தொடங்கினார். துணியால் தாமே தைத்த ஒரு பை, சாதாரணத் துணிக்காலணி, இவ்வளவே அவருடைய உடைமைகள். 1955 செப்டம்பர் 25 அன்று, 67 வயதில், கட்டாடின் உச்சியை அடைந்தார். நாடு அவரைக் கொண்டாடியது. அவரோ, பாதை பல இடங்களில் பேணுவாரற்றுக் கிடப்பதைத் தயங்காமல் எடுத்துரைத்தார். தனியே நடந்து புகழ் பெற்ற அவரே பின்னாளில் தம் மாநிலத்தில் வேறொரு நெடும்பாதை உருவாகத் துணை நின்றார்; இறுதி ஆண்டுகளில், ஆண்டுக்கொருமுறை பெருங்கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஒருநாள் நடை நடந்தார். முழுப் பாதையையும் அறிந்தவர் ஒருநாள் நடையின் அருமையையும் அறிந்திருந்தார்.

சட்டமும் புயலும்

1968 அக்டோபர் 2 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால், இப்பாதை தேசியப் பாதையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு, தனியார் நிலங்களின் வழியே உரிமையாளரின் நல்லெண்ணத்தால் மட்டுமே பல பகுதிகள் சென்றன. நிலம் கைமாறினால் பாதை நெடுஞ்சாலை ஓரத்திற்குத் தள்ளப்படும். 1978-இல் திருத்தப்பட்ட சட்டம், நிலம் வாங்க நிதி ஒதுக்கி அந்த நிலையை மாற்றியது. 1984-இல் அரசு ஓர் அரிய முடிவெடுத்தது: வாங்கிய நிலங்களைப் பராமரிக்கும் பொறுப்பை, தன்னார்வலர்களின் அமைப்பிடமே ஒப்படைத்தது. இன்று 30 சங்கங்கள் வரை இப்பாதையைப் பங்கிட்டுப் பேணுகின்றன. ஆண்டுதோறும் சுமார் 30 இலட்சம் முறை மக்கள் இதில் கால் பதிக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் நடப்பவர்களே.

அந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதை 2024 செப்டம்பர் இறுதி சோதித்தது. ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சியன் மலைகளைத் தாக்கியது. உயிர்ச்சேதம் பெரிது, ஊர்களும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மரங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. இலை பார்க்க மக்கள் திரளும் பருவத்திலேயே 400 மைலுக்கும் மேற்பட்ட பாதை மூடப்பட்டது. அவ்வாண்டு அங்கே பல நடைகள் கைவிடப்பட்டன. ஆனால் நடக்க வர இயலாதவர்கள் வேலை செய்ய வந்தனர். தங்கள் வீடுகளே சேதமுற்றிருந்த உள்ளூர்ச் சங்கத்தாரும் அவர்களுள் இருந்தனர். இயந்திர அரம்பம் அனுமதிக்கப்படாத காட்டுப் பகுதிகளில் இருவர் இழுக்கும் கைவாளால் மரங்களை அறுத்தனர். 1923-இல் பேர் மவுண்டனில் கோடரி பிடித்த கைகளின் வழித்தோன்றல்கள் அவை. அடுத்த வசந்தத்திற்குள் பாதையின் பெரும்பகுதி மீண்டும் திறந்தது.

பாதை என்பது மண்ணில் கிடக்கும் கோடு அன்று. அது நாள்தோறும் மீண்டும் செய்யப்படும் ஒரு செயல். எவரும் நடக்காத பாதையைக் காடு ஐந்தாறு இலையுதிர் காலங்களில் விழுங்கிவிடும். நூறாண்டாக அது விழுங்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், முடிவைக் காணாமலே தம் பங்கைச் செய்துவிட்டு வீடு திரும்பியவர்கள். நாம் ஏற்றுக்கொண்ட பெருஞ்செயல்கள் பலவற்றின் முடிவை நாமும் காணப்போவதில்லை. நம் தந்தையர் தொடங்கியதை நாம் சிறிது நீட்டுகிறோம். நம் மக்கள் எங்கோ கொண்டுசேர்ப்பர். இடையில் நமக்கு வாய்த்திருப்பது ஒரு பகல், ஒரு மைல், சருகு அடைத்துக் கிடக்கும் ஒரு வடிகால்.

நவம்பர் மாலையில் அந்த வரிசை மலையிலிருந்து இறங்குகிறது. வாகனங்களருகே தலைவர் மீண்டும் தலைகளை எண்ணுகிறார். எல்லாரும் வந்துவிட்டனரா என்று கேட்கிறார். கடைசியாக நடந்துவந்தவர், தமக்குப் பின்னால் எவருமில்லை என்று கையசைத்துக் காட்டுகிறார். காலையிலிருந்து அவர் ஆற்றிய பணி அவ்வளவே. அது போதுமானது.